மொழி காக்கப் போன கப்பல்: படகோனியாவின் வேல்ஷ் குடியேற்றமும் தாயகம் என்ற கற்பிதமும்

புலம்பெயர்ந்தவர்களின் தாயகப்பற்று பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு ஏக்கக் குரல் வந்து ஒட்டிக்கொள்கிறது. வேல்ஷ்காரர்களிடம் இதற்கென்றே 'ஹிரைத்' என்று ஒரு சொல் இருக்கிறது. வேறு மொழியில் பெயர்க்கவே முடியாது என்று சொல்லிச் சொல்லி அதை ஒரு ஏற்றுமதிச் சரக்காகவே ஆக்கிவிட்டார்கள். ஏக்கம் பொய்யில்லை. ஆனால் வெறும் ஏக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு மொழியை மூன்று தலைமுறைக்கு நிறுத்திவைக்க முடியாது. அதற்குப் பள்ளிக்கூடம் வேணும், அச்சுக்கூடம் வேணும், கடை வேணும், எல்லாவற்றுக்கும் அடியில் நிலம் வேணும். நிலம் என்று வந்துவிட்டால் அது யாருடைய நிலம் என்கிற கேள்வியைத் தள்ளிப்போட முடியாது. அர்ஜென்டினாவின் தென்பகுதியான படகோனியாவில் 1865ல் வேல்ஷ்காரர்கள் அமைத்த குடியேற்றத்தை இந்தக் கேள்வியை விட்டுவிட்டு வாசிப்பதில் அர்த்தமில்லை.

முதலில் வேல்ஸ் பற்றிக் கொஞ்சம். 'பிரிட்டிஷ்' என்று நாம் மொத்தமாகச் சொல்லிவிடுகிற மூட்டைக்குள் அடைபட்டுக் கிடக்கும் ஒரு நாடு அது. 1283ல் இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டிடம் முழுவதுமாக வீழ்ந்தது. 1536ஆம் வருடச் சட்டம் அதை இங்கிலாந்தோடு இணைத்ததோடு நிற்கவில்லை. நீதிமன்றத்தில் ஆங்கிலம்தான், ஆங்கிலம் பேசாத எவனுக்கும் பதவி கிடையாது என்றும் எழுதிவைத்தது. 1847ல் வேல்ஸின் கல்வி நிலையை ஆராய வந்த மூன்று கமிஷனர்களுக்கும் வேல்ஷ் தெரியாது. ஜனங்களின் அறியாமைக்கும் ஒழுக்கக்கேட்டுக்கும் (இப்படித்தான் எழுதினார்கள்) அவர்களுடைய மொழியும், அரசாங்கத் திருச்சபைக்கு வெளியே நின்ற அவர்களது சபைகளும் காரணம் என்று அறிக்கை கொடுத்துவிட்டுப் போனார்கள். நீல அட்டை போட்ட அந்த அறிக்கைக்கு மக்கள் வைத்த பெயர் 'நீலப் புத்தகத் துரோகம்'.

பல பள்ளிகளில் வேல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரக்கட்டையைத் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. அடுத்து வேல்ஷ் பேசுகிறவனைக் காட்டிக்கொடுத்தால் கட்டை கைமாறும். கடைசியில் யார் கழுத்தில் கிடக்கிறதோ அவனுக்கு அடி. அடியைவிட, காட்டிக்கொடுக்கப் பழக்குவதுதான் இதில் விசேஷம். ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கட்டையைச் சுமந்த பிள்ளைகளுக்கும் தேவையிருந்திருக்காது.

நிலச்சுவான்தார்கள் ஒருபக்கம், சுரங்கக் கூலி ஒருபக்கம் என்று நெருக்கியபோது சனங்கள் கப்பலேறினார்கள். பெரும்பாலும் அமெரிக்காவுக்கு. அங்கே என்ன ஆச்சு என்பதைப் பார்த்துவிட்டு வந்தவர்தான் மைக்கேல் டி. ஜோன்ஸ். பின்னாளில் பாலா என்னும் ஊரின் இறையியல் கல்லூரி முதல்வரான இவர், ஓஹையோவில் வேல்ஷ் குடும்பங்கள் ஆங்கிலத்துக்குள் கரைந்துபோகிற வேகத்தைக் கண்ணால் கண்டார். அமெரிக்க வேல்ஷ்காரர்களிடம் சங்கங்கள் இருந்தன, சபைகள் இருந்தன, பாட்டுப் போட்டிகள் இருந்தன. 1851ல் நியூயார்க்கில் தொடங்கிய 'அ ட்ரிஹ்' என்ற பத்திரிகையும் இருந்தது. அந்தப் பத்திரிகையே இருபதாம் நூற்றாண்டில் மெல்ல ஆங்கிலத்துக்கு மாறிவிட்டது. 2003ல் வேறொரு பத்திரிகையோடு கலந்து மறைந்தது. பற்று இல்லாமல் போகவில்லை. பற்று ஞாயிற்றுக்கிழமைக்கு என்றும் பிழைப்பு மற்ற ஆறு நாளுக்கு என்றும் பிரிந்துபோச்சு, அவ்வளவுதான்.

ஆகவே ஜோன்ஸின் வாதம் இப்படிப் போனது. வேல்ஷ்காரன் எங்கே போனாலும் சிறுபான்மையாகத்தான் போகிறான், அதனால் கரைகிறான். அவனே பெரும்பான்மையாக இருக்கிற, பிழைப்பின் மொழியும் வேல்ஷாகவே இருக்கிற ஒரு இடம் வேண்டும். ஆங்கிலம் எட்டாத இடமாக அது இருக்க வேண்டும். தேசம் என்பது கற்பிதம் செய்யப்பட்ட சமூகம் என்று பெனடிக்ட் ஆண்டர்சன் 1983ல் எழுதினார். இவர்கள் அதை எழுத்துக்கு எழுத்து செய்துபார்க்கத் துணிந்தவர்கள். குடியேற்றத்துக்கு வைத்த பெயர் 'அ வ்லாட்வா'. 'நாடு' என்ற சொல்லிலிருந்து கிளைத்த சொல். பொருள் 'காலனி'. தாய்நாடும் காலனியும் ஒரே வேர்ச்சொல்லில் நிற்கின்றன.

1865 மே 28ல் லிவர்பூலிலிருந்து 'மிமோசா' என்ற சரக்குக் கப்பல் சுமார் 150 பேரோடு புறப்பட்டது. ஜூலை 28ல் இன்று புவெர்த்தோ மாத்ரின் என்று அழைக்கப்படும் கரையில் சேர்ந்தது. பசும்புல் நாடு என்று நம்பி வந்தவர்களுக்கு முன்னால் இருந்ததோ பொட்டல். வந்தவர்களில் சுரங்கத்திலும் பட்டறையிலும் வேலை பார்த்தவர்கள் நிறைய, விவசாயம் தெரிந்தவர்கள் குறைவு. சுபூட் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்து, 1867ல் ஆற்றுத் தண்ணீரை வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சலாம் என்று கண்டுகொள்கிற வரை பட்டினிதான். ஆனால் அந்தப் பட்டினிக்கு நடுவில் அவர்கள் செய்தது கவனிக்கத்தக்கது. பதினெட்டு வயதான ஆண் பெண் எல்லாருக்கும் ஓட்டு, ரகசிய வாக்குப்பதிவு, வேல்ஷில் நடக்கும் மன்றமும் நீதிவிசாரணையும் பள்ளியும். வேல்ஸில் பள்ளிக்கூடத்தைவிட்டுத் துரத்தப்பட்ட மொழி, பூமியின் மறுமுனையில் பாடமொழியாகவும் தீர்ப்பு மொழியாகவும் ஆனது. விடுதலை என்று இதைச் சொன்னால் தவறில்லை.

ஆனால் அர்ஜென்டினா ஏன் இடம் கொடுத்தது? உள்துறை அமைச்சர் கில்லெர்மோ ரவ்சனுக்கு வேல்ஷ் மொழிமீது பாசம் இல்லை. படகோனியாவுக்கு சிலியும் சொந்தம் கொண்டாடியது. வெள்ளைக் குடிகளைக் கொண்டுபோய் உட்கார வைத்தால் உரிமை நிலைக்கும் என்பது கணக்கு. ஒரு அரசிடமிருந்து தப்பியவர்கள் இன்னொரு அரசின் எல்லைக்கல்லாக நடப்பட்டார்கள்.

அது யாருமற்ற நிலமும் இல்லை. அந்தச் சமவெளிகளில் நடமாடிய தெஹுவல்சே, பாம்பா மக்களின் தலைவர்களில் ஒருவரான அந்தோனியோ, 1865 டிசம்பரிலேயே குடியேற்றத் தலைவர் லூயிஸ் ஜோன்ஸுக்குக் கடிதம் அனுப்பினார். இந்தச் சமவெளி எங்களுடையது, நாங்கள் இதை யாருக்கும் விற்கவில்லை, ஆனாலும் உங்களோடு வியாபாரமும் நட்பும் வைத்துக்கொள்ளத் தயார் என்பது கடிதத்தின் சாரம். வேல்ஷ்காரர்களை 'மொழிகாத்த வீரர்கள்' என்று கொண்டாடுகிற பெருங்கதையாடலில் இந்தக் கடிதம் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறது. நட்பு உண்மையாகவே இருந்தது. வேட்டையாடக் கற்றுக்கொடுத்தது அவர்கள். இறைச்சியும் தோலும் இறகும் கொண்டுவந்து ரொட்டி வாங்கிப்போனார்கள். ரொட்டிக்கு வேல்ஷில் 'பாரா'. அந்தச் சொல் தெஹுவல்சேக்களின் வாயிலும் புழங்கியது.

அந்தச் சொல் மறுபடியும் வருகிற இடம் கொடுமையானது. 1878 முதல் 1885 வரை அர்ஜென்டினப் படை நடத்திய 'பாலைவன வெற்றி' என்ற படையெடுப்பில் பூர்வகுடிகள் கொல்லப்பட்டார்கள், பிடிக்கப்பட்டார்கள், குடும்பம் குடும்பமாகப் பிரிக்கப்பட்டார்கள். குழந்தையாக மிமோசாவில் வந்த ஜான் டேனியல் இவான்ஸ், வால்செத்தா என்ற இடத்தில் கம்பிவேலிக்குள் அடைக்கப்பட்டிருந்த தெஹுவல்சேக்களைக் கண்டதைத் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். பார்ப்பவர்களிடம் அவர்கள் கொஞ்சம் ரொட்டி கேட்டார்கள். கேட்டது 'பாரா' என்ற சொல்லால். உள்ளே இருந்தவர்களில் ஒருவன் அவருடைய பால்யகால நண்பன். அவனை மீட்கத் திரும்பி வந்தபோது அவன் செத்துப்போயிருந்தான். இதே இவான்ஸின் தோழர்கள் மூவர் 1884ல் பூர்வகுடிகளால் கொல்லப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

தெஹுவல்சேக்களுக்காகக் குடியேறிகள் படைத்தளபதியிடம் முறையிட்டதும் உண்டு. ஆனால் படை துடைத்துவைத்த வெளியில்தான் 1885க்குப் பிறகு அவர்கள் மேற்கே ஆண்டிஸ் அடிவாரம் வரை பரவினார்கள். இரக்கமும் லாபமும் ஒரே ஆளிடம் இருக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒடுக்கப்பட்ட தன்னிலை தன் மற்றமையை நட்போடு நடத்தலாம். நிலம் என்னவோ இவன் பெயரில்தான் பதிவாகிறது.

எல்லைக்கல்லின் வேலை முடிந்ததும் அரசு தன் முகத்தைக் காட்டியது. 1890களில் பள்ளியில் ஸ்பானிஷ் கட்டாயமானது. ஞாயிற்றுக்கிழமைகளில் ராணுவப் பயிற்சிக்கு வா என்றார்கள். ஞாயிறு புனிதநாள் என்று மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள். 1899ல் இரண்டு பிரதிநிதிகள் லண்டனுக்கே போய் உதவி கேட்டார்கள். யாரிடமிருந்து தப்பிக்கக் கப்பலேறினார்களோ அவர்கள் வாசலிலேயே! ஆற்று வெள்ளமும் சேர்ந்துகொள்ள, 1902ல் இருநூறுக்கு மேற்பட்டவர்கள் கனடாவுக்குப் போய்விட்டார்கள். அதே வருடம் ட்ரெவெலின் பள்ளியில், சிலியா அர்ஜென்டினாவா என்று கேட்கப்பட்டபோது மலையடிவாரக் குடியேறிகள் அர்ஜென்டினா என்றார்கள். கேள்வி கேட்டவர் பிரிட்டிஷ் நடுவர்.

மொழியைப் பிடித்து நிறுத்தியது எது என்று பார்த்தால் சாதாரணக் காரியங்கள்தான் கிடைக்கின்றன. 1868லேயே கையால் எழுதிச் சுற்றுக்கு விட்ட ஒரு பத்திரிகை. 1891ல் லூயிஸ் ஜோன்ஸ் தொடங்கிய 'அ ட்ரவோட்'. இது இன்னும் வந்துகொண்டிருக்கிறது. 1885ல் தொடங்கிய கூட்டுறவு வணிகக் கம்பெனி. கோதுமையை விற்பதும் துணி வாங்குவதும் வேல்ஷில் நடந்ததென்றால் அதற்கு இந்தக் கடைகளும் காரணம். பண்டிதர்கள் இலக்கியத்தைக் காட்டுவார்கள், நான் கடைக் கணக்குப் புத்தகத்தைக் காட்டுவேன். 1906ல் கைமான் ஊரில் தொடங்கிய இடைநிலைப் பள்ளிக்காக உழைத்தவர்களில் லூயிஸ் ஜோன்ஸின் மகள் எலுனெட் மோர்கனும் ஒருவர். வேல்ஸைப் பிறந்தமண்ணாக அறியாத, 1870ல் நடுக்கடலில் கப்பலில் பிறந்த இவர்தான் படகோனியா வேல்ஷ் உரைநடையின் பெரிய பெயர்.

1911க்குப் பிறகு வேல்ஸிலிருந்து பெரிய கூட்டமாக யாரும் வரவில்லை. 1930களில் கம்பெனியும் சரிந்தது. 1943க்குப் பிறகு குழந்தைக்கு வேல்ஷ் பெயர் வைத்துப் பதிவுசெய்வதே பெரும்பாடானது. பெயர் வீட்டில் ஒன்று, அரசாங்கத் தாளில் ஒன்று. மொழி கிழவிகளின் அடுப்பங்கரைக்கும் ஞாயிற்றுச் சபைக்கும் ஒதுங்கியது. அதாவது, ஓஹையோவில் எது நடந்ததோ அது இங்கே கொஞ்சம் பிந்தி நடந்தது.

1965ல் நூற்றாண்டு விழாவுக்கு வேல்ஸிலிருந்து ஒரு குழு வந்தது. அங்கிருந்துதான் மறுமலர்ச்சி என்று எழுதுவார்கள். ஏன் அப்போது என்று கேட்பதில்லை. 1961 கணக்கெடுப்பில் வேல்ஸில் வேல்ஷ் பேசுகிறவர்கள் 26 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். 1962ல் சாண்டர்ஸ் லூயிஸ் வானொலியில் மொழியின் விதி பற்றி எச்சரித்தார். அந்த ஆண்டே மொழிக்கான போராட்ட இயக்கம் பிறந்தது. 1965ல் பாலாவுக்கு அருகே கேப்பல் கெலின் என்ற வேல்ஷ் கிராமம் பள்ளிக்கூடத்தோடும் சபையோடும் நீர்த்தேக்கத்துக்கு அடியில் போனது. தண்ணீர் லிவர்பூலுக்கு. மைக்கேல் ஜோன்ஸின் பாலா, மிமோசா புறப்பட்ட அதே லிவர்பூல்! வீட்டில் தோற்றுக்கொண்டிருந்தவர்களுக்கு, கடலுக்கு அப்பால் கலப்படமில்லாத வேல்ஸ் ஒன்று குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறது என்ற படிமம் தேவைப்பட்டது. தாயகத்தைக் கற்பிதம் செய்வது புலம்பெயர்ந்தவன் மட்டுமில்லை. தாயகமும் தன் புலம்பெயர்ந்தவனைக் கற்பிதம் செய்துகொள்கிறது.

அந்தப் படிமத்துக்கு நிஜம் ஒத்துழைக்கவில்லை. 1982 போரில் மால்வினாஸ் தீவுகளில் அர்ஜென்டினப் படையில் வேல்ஷ் வம்சாவளி இளைஞர்கள் இருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில், ஜூன் 8ல் ஒரே கப்பல்மீது விழுந்த குண்டுகளில் வேல்ஷ் கார்ட்ஸ் படையினர் 32 பேர் மாண்டார்கள். போர் முடிந்து ஆயிரக்கணக்கான அர்ஜென்டினக் கைதிகளை பிரிட்டிஷ் கப்பல் கொண்டுவந்து இறக்கிய துறைமுகம் புவெர்த்தோ மாத்ரின். 1995ல் இளவரசி டயானா கைமானின் ஒரு தேநீர்க்கடைக்கு வந்தார். அந்தக் கோப்பையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். 'வேல்ஸ் இளவரசி' என்பது வென்ற முடியரசு எடுத்துக்கொண்ட பட்டம் என்பது சுற்றுலாப் பிரசுரத்தில் வராது. அங்கே பரிமாறும் 'வேல்ஷ் கறுப்பு கேக்' வேல்ஸில் கிடையாது, படகோனியாவில் பிறந்த பலகாரம்.

இதைப் போலித்தனம் என்று தள்ளிவிட எனக்கு மனசில்லை. சுபூட்டில் ஆண்டுதோறும் நடக்கும் 'ஐஸ்தெத்வொட்' கவிதை விழாவில் வேல்ஷ் கவிதைக்கு நாற்காலி, ஸ்பானிஷ் கவிதைக்குக் கிரீடம். நிறுவியவர்களுக்கு இது தோல்வியாகத் தோன்றியிருக்கும். மூன்று பள்ளிகளில் இருமொழியில் பாடம் நடக்கிறது. படிக்கிற பிள்ளைகளில் வேல்ஷ் ரத்தமே இல்லாதவர்களும் உண்டு. 1997 முதல் வேல்ஸ் தன் செலவில் ஆசிரியர்களை அனுப்புகிறது. திட்டத்தை நடத்துவது பிரிட்டிஷ் கவுன்சில்! பரம்பரை அடையாளமாக இருந்தது, கற்றுக்கொள்கிற யாருக்கும் உரியதாக ஆவதை நான் வரவேற்கிறேன்.

அதே மண்ணில் இன்னொரு மொழிக்கணக்கும் இருக்கிறது. தெஹுவல்சே மொழியைச் சரளமாகப் பேசிய கடைசி ஆள் என்று அறியப்பட்ட டோரா மன்சாடோ என்ற மூதாட்டி, 2019 ஜனவரியில் தெற்கே சாந்தா குருஸ் மாகாணத்தில் காலமானார். அந்த மக்களுக்கு ஆசிரியர் அனுப்ப கடலுக்கு அப்பால் ஒரு அரசு கிடையாது. அவர் இருந்தபோது எடுத்த ஒலிப்பதிவுகளை வைத்துக்கொண்டு சிலர் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.