பாட்டு வகுப்பிலிருந்து வெளியேற்றப்பட்ட பெண்!
கனத்த குரலால் புகழ் பெற்ற உஷா உதுப்

ஆற்காட்டிலிருந்து ஆரணிக்குப் போகும் சாலையில் இருக்கிறது, திமிரி.

அந்தக் காலத்தில் இது போன்ற ஊர்களில் கல்யாணம் என்றால், முதல் நாளே ஒலிபெருக்கிக் குழாய் கட்டிவிடுவார்கள். இசைத்தட்டு சுழலும். பக்கத்து ஊர் வரை பாட்டு கேட்கும்.

பெண் பாடினால் குயில் போல இருக்க வேண்டும் என்பது பலருடைய எண்ணம். கே.பி.சுந்தராம்பாள் போன்ற ஒரு சிலர் அதற்கு விலக்கு.

ஒரு பெண்ணுக்கு ஆண் குரல் போலக் கனத்த குரல் அமைந்துவிட்டால்? அவள் பாட ஆசைப்படலாமா?

ஆசைப்பட்டார் ஒரு தமிழ்ப் பெண். வெற்றியும் பெற்றார். அவர்தான், உஷா உதுப்.

தாளம் தட்டிய சிறுமி

சென்னையைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில், 1947 நவம்பரில், பம்பாயில் பிறந்தார் உஷா. தகப்பனார் போலீஸ் அதிகாரி.

பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பில் சேர்ந்தார். மற்றப் பெண்களின் குரலோடு அவர் குரல் ஒட்டவில்லை. ஆசிரியை அவரை வகுப்பை விட்டு அனுப்பிவிட்டார்!

ஆனால், சிறுமியிடம் இசை ஞானம் இருப்பதையும் அதே ஆசிரியை கண்டுகொண்டார். தாளம் தட்டும் கருவிகளை அவர் கையில் கொடுத்தார்.

உஷா முறைப்படி சங்கீதம் பயின்றதே இல்லை. வீட்டில் எப்போதும் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். கர்நாடக சங்கீதம், இந்துஸ்தானி, மேல்நாட்டு இசை எல்லாம் காதில் விழும். அதுதான் அவருக்குப் பாடசாலை.

ஒன்பதாவது வயதில், இலங்கை வானொலியின் இசை நிகழ்ச்சி ஒன்றில் பாடும் வாய்ப்புக் கிடைத்தது.

மவுண்ட் ரோட்டில் புடவை

1969-ம் ஆண்டு. சென்னைக்கு, அத்தை வீட்டுக்கு வந்திருந்தார் உஷா.

மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலை) சபையர் தியேட்டர் கட்டடத்தில், 'நைன் ஜெம்ஸ்' என்ற இரவு விடுதி இருந்தது. அங்கே மேடை ஏறினார்.

கூட்டம் திகைத்தது!

கிட்டார் அலற, டிரம் அதிர, மேல்நாட்டு 'பாப்', 'ராக்' பாட்டுகள். பாடுகிறவரோ புடவை கட்டி, பொட்டு வைத்த பெண்!

இது வேஷம் அல்ல. வீட்டில் அம்மாவும் மற்றப் பெண்களும் கட்டிய உடையையே அவரும் கட்டினார். அந்த உடையை அவர் பிறகு மாற்றவே இல்லை.

தொடக்கத்தில் 'உஷா ஐயர்' என்ற பெயரில் அவருடைய இசைத்தட்டுகள் வந்தன. 'ஜம்பலாயா' என்ற அமெரிக்கப் பாட்டை அவர் பாடிய சின்னத் தட்டு நன்றாக விற்பனை ஆயிற்று. எந்தக் குரல் வேண்டாம் என்று வகுப்பு தள்ளியதோ, அந்தக் குரலை மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள்!

முத்து

அதே காலத்தில் அமெரிக்காவிலும் ஒரு பெண், கரகரத்த குரலால் 'ராக்' ரசிகர்களை ஆட்டி வைத்தார். பெயர், ஜானிஸ் ஜோப்ளின். ஆனால், 1970 அக்டோபரில் போதை மருந்து அவர் உயிரைக் குடித்தது. வயது 27 தான்.

அவர் கடைசியாகப் பாடிய 'பேர்ல்' (முத்து) என்ற இசைத்தட்டு, 1971 ஜனவரியில் வெளிவந்தது. ஒன்பது வாரம் அமெரிக்காவில் முதல் இடத்தில் நின்றது. அந்தப் புகழைப் பார்க்க அவர் இல்லை.

உஷாவின் வழி வேறு. பாடியது இரவு விடுதிகளில்தான். ஆனாலும் குடும்பத்தோடு வந்து கேட்கும்படி பாடினார். கல்கத்தாவில் 'டிரிங்காஸ்' உணவு விடுதியில் பாடியபோது, கேரளத்தைச் சேர்ந்த ஜானி சாக்கோ உதுப்பைச் சந்தித்தார். பின்னர் அவரையே மணந்து, கல்கத்தாவில் குடியேறினார்.

கோர்ட்டுக்குப் போனார்

1980-களில் ஒரு சோதனை வந்தது. "இந்தப் பாட்டு நம் பண்பாட்டைக் கெடுக்கிறது" என்ற புகார் கிளம்பியது. மேற்கு வங்க மந்திரி ஒருவர், அரசு மண்டபங்களில் உஷா பாடுவதற்குத் தடை போட்டார்.

உஷா அழுதுகொண்டு வீட்டில் உட்காரவில்லை. கோர்ட்டுக்குப் போனார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது!

தமிழ்ப் படங்களிலும் அவர் குரல் ஒலித்தது. 'மேல்நாட்டு மருமகள்' (1975), இளையராஜா இசையமைத்த 'அஞ்சலி' (1990) ஆகிய படங்களில் பாடினார். 'மன்மதன் அம்பு' (2010) படத்தில் நடித்தார்.

64-வது வயதில், 'டார்லிங்' என்ற இந்திப் பாட்டுக்காக, சிறந்த பின்னணிப் பாடகிக்கான பிலிம்பேர் பரிசை ரேகா பரத்வாஜுடன் பகிர்ந்துகொண்டார். 2011-ல் பத்மஸ்ரீ விருது. 2024-ல் பத்மபூஷண்!

குரல் மாறவில்லை. புடவை மாறவில்லை. ஊரார் எண்ணம்தான் மாறியது.

திமிரியிலோ, வேறு எந்த ஊரிலோ, "உன் குரல் சேராது" என்று பாட்டு வகுப்பிலிருந்து ஒரு சிறுமி திருப்பி அனுப்பப்படலாம். அவள் கண் கலங்கி வீட்டுக்கு வந்தால், பெற்றோர் இந்தக் கதையைச் சொல்லட்டும்.

சேராத குரல், தனித்து நிற்கும் குரலாகவும் இருக்கலாம் அல்லவா?