‘ஹேங் ஆன்’ என்றால் போனை வைப்பதா?



எங்க அக்கா பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த சமயம். பேப்பரில் விளம்பரம் பார்த்து ஒரு கம்பெனிக்கு போன் போட்டாள். எடுத்தவர் இங்கிலீஷில் பேசினார். இவள் பெயரையும் படிப்பையும் சொன்னதும், “ஹேங் ஆன், ப்ளீஸ்” என்றார். ‘ஹேங் அப்’ என்றால் போனை வைத்துவிடுவது என்று அக்கா ஸ்கூலில் படித்திருக்கிறாள். சரி, வைக்கச் சொல்கிறார்கள், பிறகு அவர்களே கூப்பிடுவார்கள் என்று நினைத்து வைத்துவிட்டாள். யாரும் கூப்பிடவில்லை. மறுநாள் மறுபடியும் போட்டாள். மறுபடியும் “ஹேங் ஆன்”. மறுபடியும் டக்கென்று வைத்தாள்! மூன்றாவது தடவை போட அவளுக்கு வெட்கம். அந்த வேலை வேறு யாருக்கோ போச்சு.

‘ஹேங் ஆன்’ என்றால் ‘கொஞ்சம் லைனிலேயே இருங்க’ என்று அர்த்தம். ‘ஹேங் அப்’ என்றால் போனை வைப்பது. ஹேங் ஒன்றுதான், பின்னால் வரும் குட்டிச் சொல் மாறியதும் அர்த்தம் நேர் எதிராகிவிட்டது. இந்த விஷயத்தை வைத்து ஒரு கட்டுரை எழுது, ஆனால் என் பேரைப் போடாதே என்று அக்காதான் சொன்னாள். போடவில்லை.

இப்படி ஒரு வினைச்சொல்லும் ஆன், ஆஃப், அப், அவுட் போன்ற ஒரு குட்டிச் சொல்லும் சேர்ந்து தனி அர்த்தம் தருவதை ஃப்ரேசல் வெர்ப் என்கிறார்கள். இந்தப் பெயர் ரொம்பப் பழசு இல்லை. 1925-இல் லோகன் பியர்சல் ஸ்மித் என்பவர் எழுதிய புத்தகத்தில் வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி சொன்ன பெயர் அது என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனால் தொல்லை மட்டும் பழசு! 1755-இல் வெளிவந்த தன் அகராதியின் முன்னுரையில் சாமுவேல் ஜான்சன், வெளிநாட்டுக்காரர்களுக்கு மிகப் பெரிய கஷ்டம் கொடுப்பது இதுதான் என்று எழுதி வைத்துவிட்டார். இதை அக்காவிடம் சொன்னேன். கொஞ்சம் ஆறுதல்!

நாம் இதை லிஸ்ட் போட்டு மனப்பாடம் பண்ணுகிறோம். பரீட்சை முடிந்ததும் மறந்துபோகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், இதே வித்தையை நாம் தமிழில் தினமும் செய்கிறோம். ‘கொடு’ என்றால் கையில் இருப்பதைத் தருவது. அப்படியானால் ‘விட்டுக்கொடு’ என்பதில் எதைக் கொடுக்கிறோம்? ‘காட்டிக்கொடு’ என்பதில்? ‘சொல்லிக்கொடு’ என்பதில்? எந்தப் பொருளும் கைமாறவில்லை. இரண்டு சொல் சேர்ந்து புதிதாக ஓர் அர்த்தம் பிறந்துவிட்டது. தமிழ் அய்யா கூட்டுவினை என்று ‘கண்டுபிடி’யைக் காட்டினாரே, அதுவும் இந்த மாதிரிதான். காண்பதும் பிடிப்பதும் தனித்தனியாக அங்கே இல்லை.

இப்போது இங்கிலீஷ் ‘கிவ்’ குடும்பத்தைப் பாருங்கள். ‘கிவ் இன்’ என்றால் விட்டுக்கொடு. ‘கிவ் அவே’ என்றால் இலவசமாகக் கொடு என்பதோடு, காட்டிக்கொடு என்றும் அர்த்தம். (அங்கேயும் கொடு, இங்கேயும் கொடு! எனக்கு இதைப் பார்த்ததும் ஒரே ஆச்சரியம்.) ‘கிவ் அப்’ என்றால் கைவிடு. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு. இதிலும் ‘புட்’டும் ‘போடு’வும் ஜோடி. ‘லுக் ஆஃப்டர்’ என்றால் பார்த்துக்கொள். ‘ரன் அவுட்’ என்றால் தீர்ந்துபோ. (கிரிக்கெட் ரன் அவுட் இல்லை, வீட்டில் சர்க்கரை தீருமே, அது.) எல்லாவற்றுக்கும் இப்படி ஜோடி கிடைக்காது. ஆனாலும் கிடைத்ததை ஜோடியாக எழுதி வைத்தால் மறக்கவே மறக்காது, நான் செய்து பார்த்துவிட்டேன்.

சரி, ஒரு நாள் பொழுதில் இவை எங்கெல்லாம் வருகின்றன? காலையில் கண் திறப்பது ‘வேக் அப்’. பாயை விட்டு எழுவது ‘கெட் அப்’. எங்கள் வீட்டில் இந்த இரண்டுக்கும் நடுவில் அரை மணி நேரம், அம்மாவின் சத்தம் எல்லாம் இருக்கிறது. யூனிஃபார்மைப் போடும் அந்தச் செயல் ‘புட் ஆன்’. போட்டபின் நாள் முழுக்க உடம்பில் இருப்பதற்கு ‘வேர்’ என்றுதான் சொல்ல வேண்டும். பஸ்ஸில் ஏறுவது ‘கெட் ஆன்’, இறங்குவது ‘கெட் ஆஃப்’. நாம் எல்லோரும் ‘கெட் டவுன்’ என்கிறோம். கண்டக்டருக்குப் புரியும், ஆனால் இங்கிலாந்தில் பஸ்ஸிலிருந்து இறங்க ‘கெட் ஆஃப்’ தான். வீட்டுப்பாட நோட்டை டீச்சரிடம் கொடுப்பது ‘ஹேண்ட் இன்’, டீச்சர் திருத்திய பேப்பரை எல்லோருக்கும் கொடுப்பது ‘ஹேண்ட் அவுட்’. அது நடக்கும்போது வயிறு கலங்குவதற்கு என்ன ஃப்ரேசல் வெர்ப் என்று தெரியவில்லை!

‘கோ ஆஃப்’ இருக்கிறதே, அது சரியான போக்கிரி. ‘தி லைட் வென்ட் ஆஃப்’ என்றால் விளக்கு அணைந்தது. ‘தி அலாரம் வென்ட் ஆஃப்’ என்றால் அலாரம் அணைந்ததா? இல்லை, அடித்தது! ‘தி மில்க் வென்ட் ஆஃப்’ என்றால் பால் கெட்டுப்போச்சு. அதனால் ஃப்ரேசல் வெர்ப்பைத் தனியாக எழுதிப் படிக்காதீர்கள், முழு வாக்கியமாக எழுதுங்கள்.

பெரும்பாலானவர்கள் மார்க் விடும் இடம் ஒன்று இருக்கிறது. ‘புட் ஆஃப் தி மேட்ச்’ என்றும் சொல்லலாம், ‘புட் தி மேட்ச் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ஆனால் மேட்ச் என்பதற்குப் பதில் ‘இட்’ வந்தால் அது நடுவில்தான் உட்காரும். ‘புட் இட் ஆஃப்’ சரி, ‘புட் ஆஃப் இட்’ தப்பு. எல்லாமே இப்படிப் பிரியாது. ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ தான் சரி, ‘லுக் ஹெர் ஆஃப்டர்’ என்று எழுதினால் சிவப்பு மை நிச்சயம். அதேபோல ‘கோப் அப் வித்’ என்று நிறையப் பேர் சொல்கிறோம். அங்கே ‘அப்’ வேண்டாம், வெறும் ‘கோப் வித்’ போதும்.

இன்னொரு சந்தேகம் வரும். ‘போஸ்ட்போன்’ என்ற சொல் இருக்கும்போது ‘புட் ஆஃப்’ எதற்கு? 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆபீஸ், கோர்ட் சொற்களில் பிரெஞ்சும் லத்தீனும் நிறையப் புகுந்தன. வீட்டுப் பேச்சில் குட்டி வினைகளே நின்றன. அதனால் ஹெட்மாஸ்டருக்கு எழுதும் கடிதத்தில் ‘போஸ்ட்போன்’ போடுங்கள், நண்பனிடம் ‘புட் ஆஃப்’ என்று பேசுங்கள். போனில் பேசுகிறவர்கள் கடித இங்கிலீஷ் பேசுவதில்லை. அக்கா மாட்டிக்கொண்டது அதனால்தான்.

கடைசியாக ஒரு புதிர். இல்லாத கதையைக் கட்டுவது, நாடகத்துக்கு முகத்தில் பவுடர் பூசுவது, சண்டை போட்ட இரண்டு தோழிகள் மறுபடி சேர்வது – இந்த மூன்றுக்கும் ஒரே ஃப்ரேசல் வெர்ப். என்ன அது? விடையைத் துண்டுத் தாளில் எழுதி, பெயர், வகுப்புடன் இந்தச் சுவர் இதழுக்குக் கீழே உள்ள பெட்டியில் வெள்ளிக்கிழமைக்குள் போடுங்கள். தமிழில் அதற்கு ஜோடி கண்டுபிடித்தால் அதையும் எழுதுங்கள். எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு