மலைமேல் ஒரு குட்டி அரசு

இத்தாலி நாட்டின் நடுவே, 700 மீட்டருக்கும் அதிகமான உயரமுள்ள டைட்டானோ மலையின் மேல் சான் மரினோ என்றொரு குடியரசு இருக்கிறது. பரப்பு 61 சதுர கிலோமீட்டர்தான். ஆட்சித் தலைவர்கள் இருவர். பதவிக்காலம் ஆறே மாதம். கடற்கரை நகரமான ரிமினியிலிருந்து மக்கள் விடுமுறை நாட்களில் காரிலும் பேருந்திலும் ஏறிச்சென்று, ஒரே நாளில் ஒரு நாட்டைப் பார்த்துத் திரும்புகின்றனர்.

அயோத்தியாப்பட்டணத்து வாசகர்களுக்கு ஏறக்குறைய அப்படியொரு வாய்ப்பு அருகிலேயே இருக்கிறது. ஏற்காட்டைச் சொல்லவில்லை, கிழக்கே உள்ள கல்வராயன் மலையைக் கூறுகிறோம்.

சுபுஹுத் தொழுகை முடித்துப் புறப்பட்டு, ஆத்தூர் சாலையில் வாழப்பாடியைக் கடந்து, பெத்தநாயக்கன்பாளையத்தில் வடக்கே திரும்பினால் தும்பல் வரும். அதன்பின் மலைப்பாதை. மேலே கருமந்துறை. அங்கே அரசுத் தோட்டக்கலைப் பண்ணை உண்டு. சுற்றிலும் மரவள்ளி, சாமை, கடுக்காய் மரங்கள். சின்னக் கல்வராயன் சராசரி 2,700 அடி உயரமும், பெரிய கல்வராயன் சராசரி 4,000 அடி உயரமும் உடையவை.

இம்மலை சட்டப்படி தனிநாடாக இருந்ததில்லை. ஆயினும் நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. 'ஜாகீர்' என்பது பாரசீகச் சொல். இடத்தைக் கைக்கொண்டிருத்தல் என்பது அதன் பொருள். தென்னார்க்காட்டுப் பக்கத்தில் சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் எனப் பரம்பரை ஜாகீர்கள் இருந்தன. விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் அளித்த உரிமை இது என்பது வழிவழிச் செய்தி. மலைவாழ் மக்கள் தங்கள் வரியை ஜாகீர்தார்களிடமே செலுத்தி வந்தனர்.

1947இல் நாடு விடுதலை பெற்ற பின்னும் இந்நிலை நீடித்தது. 1976 ஜூன் 25ஆம் நாள்தான் அரசு இம்மலையைத் தன் நேரடி நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. நாட்டில் நெருக்கடிநிலை பிறப்பிக்கப்பட்டுச் சரியாக ஓராண்டு நிறைந்த நாள் அது! தமிழகத்தில் அப்போது குடியரசுத் தலைவர் ஆட்சி. சமவெளி மக்கள் தங்கள் உரிமைகளை இழந்து நின்ற வேளையில், மலைமக்களுக்கு ஜாகீர் ஆட்சி முடிந்தது. அடிவாரத்தில் வாழும் நம்மைவிட 29 ஆண்டுகள் பிந்தி!

அந்தத் தாமதத்தின் விளைவு இன்னும் தீரவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்க்கைநிலை குறித்துத் தானாகவே வழக்கெடுத்து விசாரித்தது. சாலை, கல்வி, மருத்துவம் ஆகிய அடிப்படை வசதிகளே அங்கு கேள்விகளாயின.

எனவே, குடும்பத்துடன் செல்வோர் அருவியையும் குளிர்காற்றையும் மட்டும் தேடிச் செல்ல வேண்டாம். அங்குள்ள முதியவர் ஒருவரிடம் மரியாதையுடன் பேச்சுக் கொடுங்கள். அறுபதைக் கடந்தவராயின், ஜாகீர் காலத்தைத் தம் கண்ணால் கண்டவராகவே இருப்பார். பள்ளிப் பாடநூலில் இல்லாத வரலாற்றை உங்கள் பிள்ளைகள் அவர் வாயால் கேட்கட்டும். தேனோ, சாமையோ வாங்கினால் பேரம் பேசாமல் உரிய விலை கொடுங்கள். கொண்டுசென்ற பிளாஸ்டிக் பைகளை மறவாமல் திரும்ப எடுத்து வாருங்கள்.