தரிசனத்துக்குப் பின் ஒரு தலைவாழை இலை

கொடிமரத்தருகே விழுந்து வணங்கி, கோபுர வாசலைக் கடந்து, செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் வேளையில் குடும்பத்தில் எவரேனும் ஒருவர் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இங்கே எங்கே சாப்பாடு நன்றாக இருக்கும்?" தலபுராணம் இயற்றிய புலவர்கள் மூர்த்தி, தலம், தீர்த்தம், விருட்சம் என அனைத்தையும் பாடிவைத்தார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் விடை எழுதாமல் போய்விட்டார்கள். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், மாதம் ஒரு தலமேனும் சென்று வருவது எங்கள் இல்லத்து வழக்கம். அந்தப் பயணங்களில் அடியேன் உண்டவற்றையும், உண்ண முயன்று கைவிட்டவற்றையும் பற்றிய குறிப்பு இது.

மதிப்பெண் இடும் முறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடன் கணக்குகளை நாங்கள் நான்கு வகையாகப் பிரிப்போம்: தரமானது, தரக்குறைவானது, சந்தேகத்துக்குரியது, நட்டம். தவணை 90 நாள் தவறினால் கணக்கு முதல் வகையிலிருந்து இறங்கிவிடும். உணவகத்துக்கு அத்தனை அவகாசம் தேவையில்லை. சட்னியைத் தொட்ட மூன்றாவது விநாடியில் வகை தெரிந்துவிடும். என் இல்லாளின் முறை இன்னும் எளியது. இலையின் மூலையில் வைத்த ஊறுகாயை முகர்ந்து பார்ப்பார். பிடிக்கவில்லையென்றால் தயிர்சாதத்தோடு எழுந்துவிடுவார். தணிக்கையாளர்களில் அவரைப்போல் கண்டிப்பானவரை என் முப்பது ஆண்டுப் பணியில் கண்டதில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து தொடங்குவோம். வரதராஜப் பெருமாள் சந்நிதியில் நிவேதனமாகும் கோயில் இட்லி, மூங்கில் கூடையில் மந்தாரை இலையைப் பரப்பி, மிளகும் சீரகமும் சுக்கும் பெருங்காயமும் சேர்த்த மாவை ஊற்றி மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கப்படுவது. அதன் மணத்தில் பாதி அந்த இலையுடையது. ஊரில் தெருவுக்குத் தெரு 'காஞ்சிபுரம் இட்லி' என்று பலகை தொங்குகிறது. நாங்கள் அமர்ந்த கடையில் வந்தது, எஃகுக் குவளையில் வார்த்து, மேலே நான்கு முந்திரியைப் பதித்த ரவா இட்லி. "இதில் மந்தாரை இலை எங்கே?" என்று கேட்டேன். பரிமாறிய தம்பி சற்று யோசித்துவிட்டு, "இலையை நாங்க எடுத்துட்டுத்தான் சார் குடுப்போம்" என்றார். விடையின் சமயோசிதத்துக்காகத் தரக்குறைவானது என்ற அளவில் நிறுத்திக்கொண்டேன். இட்லிக்கு மட்டும் என்றால் இன்னும் ஒரு படி கீழே போயிருக்கும்.

விரத நாள்களில் இந்தச் சமயோசிதம் இன்னும் சோதனை தரும். ஏகாதசிக்கு மறுநாள் துவாதசிப் பாரணைக்கு ஓர் ஊரில், வெங்காயம் இல்லாத சாம்பார் கிடைக்குமா என்று விசாரித்தோம். "கிடைக்கும் சார், எடுத்துப் போட்டுட்டுத் தரேன்" என்று கரண்டியோடு உள்ளே போனார் அந்த நல்ல மனிதர். அவர் திரும்புவதற்குள் நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

அடுத்தது காபி. சென்னையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் செங்கல்பட்டைத் தாண்டியதும் 'கும்பகோணம் டிகிரி காபி' என்ற பலகைகள் வரிசைகட்டி நிற்கும். பித்தளை டபரா டம்ளர் இருக்கிறது, திருநீறு பூசிய கல்லாப் பெட்டி இருக்கிறது, பக்திப் பாடலும் ஒலிக்கிறது. கும்பகோணம் மட்டும் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. தண்ணீர் கலவாத பாலைக் கருவி வைத்து அளந்து வாங்கியதால் வந்த பெயர் என்பது 'டிகிரி'க்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று. காபியும் சிக்கரியும் கலந்த தூளில் காபி குறைந்தது 51 சதவீதம் இருக்கவேண்டும் என்பது விதி. அதாவது சிக்கரி 49 வரை போகலாம். சில கடைகளில் அந்த 49-ஐத்தான் காபி என்று கருதிவிட்டார்களோ என ஐயுறும்படி இருக்கிறது. டம்ளரைக் கவிழ்த்த பின்னும் கசப்பு அடிநாக்கில் நின்றால் சிக்கரி மிகுதி என்று என் தாயார் சொல்வார். அந்தச் சோதனை இன்றுவரை பொய்த்ததில்லை.

திருவானைக்கா இந்த மனக்குறைகளையெல்லாம் ஆற்றிவிடும். அப்புத் தலத்தில் ஜம்புகேசுவரரையும் அகிலாண்டேசுவரியையும் காலையில் தொழுதுவிட்டு, 1943-இல் தொடங்கிய பார்த்தசாரதி விலாஸில் நெய் ரோஸ்ட் உண்டு, மறுபடியும் உச்சிக்கால பூசைக்குத் திரும்புவது எங்கள் திட்டம். விளிம்பில் மொறுமொறுப்பும் நடுவில் மென்மையுமாக, நெய்யின் மணம் இலையிலேயே தங்கிவிடும் ரோஸ்ட் அது. அலங்காரமில்லாத பழைய கூடம், அவசரப்படாத பணியாளர்கள். தரமான கணக்கு, பிணை தேவையில்லை. என் இல்லாள் மட்டும் சாம்பாரில் உப்பு ஒரு சிட்டிகை மிகை என்றார். அவர் அகராதியில் அது பாராட்டு.

திருநெல்வேலியைப் பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை மாலையில் திறக்கிறது, சம்பா கோதுமைப் பாலில் கிளறிய அல்வா சூடாக இலைத்துண்டில் கிடைக்கிறது, கூட்டம் இருக்கிறது. இனிப்பு நோயுள்ளவர்கள் வேடிக்கை பார்க்கலாம். அடியேன் வேடிக்கை பார்த்தேன் என்றே இல்லத்தில் பதிவாகியிருக்கிறது.

பில்லைப் பற்றி ஒரு சொல். சாதாரண உணவகங்களில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்குமேல் 'சேவைக் கட்டணம்' என்று ஒரு வரி இருந்தால் நின்று படியுங்கள். வாடிக்கையாளர் விரும்பினாலொழிய அதை விதிக்கக்கூடாது என்று 2022-இலேயே நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. மலைக்கோயில் ஒன்றின் அடிவாரத்தில் எங்கள் பில்லில் அந்த வரி இருந்தது. "எந்தச் சேவை? நாங்கள் சுப்ரபாத சேவையும் பார்க்கவில்லை, எலுமிச்சைச் சேவையும் உண்ணவில்லையே" என்றேன். கல்லாவில் இருந்தவர் சிரித்துவிட்டார், வரியையும் அடித்துவிட்டார்.

இனி, நான் உண்மையில் எழுத வந்த இடத்துக்கு வருகிறேன். கும்பகோணத்தில், கும்பேசுவரர் கோயிலிலிருந்து நடந்து போகும் தொலைவில், ஒரு சந்தில், பெயர்ப்பலகை இல்லாத மெஸ் ஒன்று இருக்கிறது. எழுபதை நெருங்கும் ஓர் அம்மையாரும் அவருடைய நாத்தனாரும் நடத்துகிறார்கள். திண்ணையைக் கடந்தால் கூடம். ஒரு பந்திக்குப் பன்னிரண்டு இலை. பருப்பு, ஒரு கறி, ஒரு கூட்டு, சாம்பார், ரசம், மோர், அப்பளம். பன்னீரும் கிடையாது, பாயசமும் கிடையாது. அங்கே உண்ட வாழைப்பூப் பருப்பு உசிலிக்கும் எலுமிச்சை ரசத்துக்கும் ஈடாக, நட்சத்திர விடுதியில் ஆயிரம் ரூபாய்க்கு உண்டதைக்கூட நான் சொல்லமாட்டேன். ரசத்தை மூன்றாம் முறை கேட்டபோது என் இல்லாள் என்னைப் பார்க்கவில்லை; அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

சாப்பாடு 80 ரூபாய். கை கழுவியபின் கணக்கர் புத்தி சும்மா இருக்கவில்லை. அம்மையாரிடம் அனுமதி கேட்டுத் திண்ணையில் அமர்ந்து கூட்டிப் பார்த்தேன். அரிசி, பருப்பு, காய்கறி, 19 கிலோ எரிவாயு உருளை, இலைக்கட்டு, வாடகை, பாத்திரம் துலக்குபவருக்குக் கூலி எல்லாம் சேர்ந்து ஓர் இலைக்கு 74 ரூபாய் வந்தது. நாளொன்றுக்கு 60 இலை; மிச்சம் 360 ரூபாய். விடியற்காலை நான்கு மணிக்கு எழும் இரண்டு பெண்களின் உழைப்புக்கு இதில் ஊதியமே எழுதப்படவில்லை. வீட்டு உரிமையாளர் ஆனி மாதத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, வாடகையை உயர்த்தவேண்டும் என்று சொல்லிவிட்டாராம்.

"விலையை நூறாக்குங்கள் அம்மா" என்றேன்.

"அறுபது பேர்ல இருபத்தஞ்சு பேர் தினம் வரவா சார். கோயில்ல நாகஸ்வரம் வாசிக்கிறவர், பூக்கட்டுற பெண்கள், சைக்கிள் ஸ்டாண்டுல இருக்கிற பெரியவர். அவாளுக்கு நூறு ரூபா பெரிசு."

"அவர்களுக்கு எண்பதே இருக்கட்டும். வெளியூரிலிருந்து வரும் முப்பத்தைந்து பேருக்கு நூறு. நாளுக்கு 700 ரூபாய் கூடும். ஏகாதசி இரண்டு, அமாவாசை, ஓர் ஓய்வு நாள் போக மாதம் 26 நாள் என்றால் 18,200 ரூபாய். வாடகையைச் சமாளித்துவிடலாம்."

அவர் தலையசைத்தார். "ஒரே பந்தியில பக்கத்துப் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவா கிட்ட ரெண்டு விலையா? பந்தி வஞ்சனைன்னு ஆயிடும் சார்."

நான் விடவில்லை. ஒரே வரிசையில் நிற்கும் மூத்த குடிமக்களுக்கு வங்கி அரை சதவீதம் வட்டி கூடுதலாகத் தருகிறதே, அதை யாராவது வஞ்சனை என்கிறார்களா என்று கேட்டேன். "அப்படின்னா உங்களுக்குத்தான் நான் குறைச்சு வாங்கணும்" என்று சிரித்தவர், எழுபது ரூபாய் போதும் என்று பத்து ரூபாய்த்தாளைத் திருப்பி நீட்டினார். கடன் வசூல் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன் நான்; இப்படி ஒருவரும் என்னை மடக்கியதில்லை.

மாசி மகத்துக்குச் சென்றபோது கூடத்துச் சுவரில் சாக்குக்கட்டியால் 'சாப்பாடு ரூ. 100' என்று எழுதியிருந்தது. பந்தியில் எனக்கு அருகே நாகஸ்வரக்காரர். உண்டு எழுந்தவர் காசு ஏதும் தராமல், ஆணியில் தொங்கிய நோட்டுப் புத்தகத்தில் தம் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். தினம் வருபவர்கள் மாதக் கடைசியில் மொத்தமாகத் தருகிறார்களாம். எவ்வளவு என்பது அவர்களுக்கும் அம்மையாருக்கும் இடையே. பந்தியில் விலை பேசப்படுவதே இல்லை. ஆகவே இரண்டு விலையும் இல்லை. என் யோசனையைவிட இது நேர்த்தியானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

வாடகை விஷயம் இன்னும் முடியவில்லை. உரிமையாளர் கேட்பதற்கும் இவர்கள் தரக்கூடியதற்கும் இடையே மாதம் நாலாயிரம் ரூபாய் இடைவெளி நிற்கிறது. ஆனிக்குப் பின் மெஸ் அங்கேயே இருக்குமா என்று கேட்டதற்கு, "கும்பேஸ்வரர் பார்த்துப்பார்" என்றார் நாத்தனார். "அவர் வாடகை குடுக்க மாட்டார்" என்றார் அம்மையார்.

கும்பகோணம் செல்லும் அன்பர்கள் மேலை வாசலில் பூ விற்பவர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள். முதல் பந்தி பதினொன்றரைக்கு. ஒரு மணிக்குமேல் சென்றால் சாதம் இருக்கும், ரசம் இருக்காது. சில்லறையாகக் கொண்டுசெல்லுங்கள்.