தண்ணீர்மேல் குடித்தனம்

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. வாடகைக்கு வீடு தேடிப் பார் என்று ஒரு வார்த்தையும் அதில் சேர்த்திருக்கலாம். விடுதியில் இடம் கிடைக்காமல், ஊர்விட்டு ஊர் வந்த இத்தலைநகரில் அறை தேடி அலைந்த நண்பர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பௌதிகம் படிக்க வந்த இரண்டாண்டில் நான் மூன்று அறைகள் மாறியிருக்கிறேன். ஒரு வீட்டுக்காரர் என் பெயரைக் கேட்குமுன் நான் என்ன சாப்பிடுவேன் என்று கேட்டார். இன்னொருவர் ஒப்பந்தம் முடிய ஒரு வாரம் இருக்கையில் வாடகையை உயர்த்தினார். நம் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பதினொரு மாதத்துக்கே எழுதப்படுவது ஏன் தெரியுமா? 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட காலத்துக்கோ ஆண்டு வாடகைக்கோ எழுதும் குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதினொரு மாதமென்றால் அத்தொல்லை இல்லை. ஆனால் குடியிருப்பவனுக்குப் பன்னிரண்டாம் மாதம் எங்கே என்ற கவலை மட்டும் ஆண்டுதோறும் வந்துவிடுகிறது.

இத்தொல்லைகள் வேண்டாமென்று நிலத்தையே விட்டுத் தண்ணீர்மேல் குடியேறிய மக்கள் உண்டு. அவர்கள் எவ்வாறு வாழ்கிறார்கள், உண்மையிலேயே கவலையற்று இருக்கிறார்களா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அப்படகுகளில் நான் கால் வைத்ததில்லை. படித்தறிந்ததையும், பௌதிக மாணவன் என்ற முறையில் கணக்கிட்டுப் பார்த்ததையுமே இங்குத் தருகிறேன்.

படகு வீடு என்றதும் நம்மவர்க்கு ஸ்ரீநகரின் தால் ஏரி நினைவுக்கு வரும். அங்கும் தொடக்கம் ஒரு நிலச் சட்டத்தில்தான் இருக்கிறது. டோக்ரா மன்னர் ஆட்சியில் வெளியார் காஷ்மீரில் நிலம் வாங்க இயலாது. கோடையைக் கழிக்க வந்த ஆங்கிலேயர், நிலத்தில் வீடு கட்ட முடியாவிட்டால் நீரில் கட்டுவோம் என்று மரத்தாலான மிதக்கும் வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். இன்று அவை பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள் தங்கும் இடங்கள். ஆண்டு முழுதும் படகையே வீடாகக் கொண்டு, அங்கிருந்தே அலுவலுக்குச் சென்று வருவோரைக் காண வேண்டுமானால் இங்கிலாந்தின் கால்வாய்களுக்குத்தான் போக வேண்டும்.

ஒடுங்கிய படகின் வரலாறு

நிலக்கரி ஏற்றிச் செல்வதற்காக ஜேம்ஸ் பிரிண்ட்லி என்ற பொறியாளரின் துணையுடன் அமைந்த பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் 1761இல் திறக்கப்பட்டது. அதன்பின் நாடெங்கும் கால்வாய்கள் வெட்டப்பட்டன. மேடுபள்ளங்களைக் கடக்க, இருபுறமும் கதவுள்ள நீர்த்தொட்டிகள் கட்டினார்கள். ‘லாக்’ எனப்படும் இத்தொட்டிகள் பல கால்வாய்களில் ஏழடி அகலமே உடையவை. எனவே அவற்றில் நுழையும் படகு ஆறடி பத்தங்குல அகலத்துக்கு மிகாமலும், ஏறத்தாழ எழுபதடி நீளத்துக்குள்ளும் இருக்க வேண்டியதாயிற்று. இதுவே ‘நேரோ போட்’, அதாவது ஒடுங்கிய படகு. இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் செங்கல்லில் கட்டிய ஓர் அளவு, இன்று ஒரு குடும்பத்தின் படுக்கையறை எவ்வளவு அகலம் இருக்கலாம் என்பதைத் தீர்மானித்துக்கொண்டிருக்கிறது!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருப்புப்பாதை வந்தது. போட்டியில் கூலி குறைந்தது. கரையில் வீடு வைத்திருக்க வசதியற்ற படகோட்டிகள் மனைவி மக்களைப் படகுக்கே அழைத்து வந்தார்கள். சரக்குக்குப் போக மிஞ்சிய சிற்றறையில் முழுக் குடும்பமும் உறங்கியது. பிள்ளைகள் பள்ளியை அறியவில்லை. கோல்வில் ஊர் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இக்கொடுமையை எடுத்துரைத்துப் போராடியதன் பயனாக, 1877இலும் 1884இலும் படகு வாழ்க்கையை ஒழுங்குபடுத்தும் சட்டங்கள் வந்தன. ஆக, முதலில் படகில் குடியேறியவர்கள் விரும்பிப் போனவர்கள் அல்லர்; வறுமையால் தள்ளப்பட்டவர்கள்.

விரும்பிப் போனவர்களில் புகழ்பெற்றவர் எல். டி. சி. ரோல்ட் என்னும் பொறியாளர். அவர் 1939இல் ‘கிரெஸ்ஸி’ என்ற பழைய படகைச் செப்பனிட்டு மனைவியுடன் அதில் குடியேறினார். அவ்வாழ்க்கையைப் பற்றி 1944இல் அவர் வெளியிட்ட நூல் பலரைக் கால்வாய்களின்பால் ஈர்த்தது. 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் தோன்றுவதற்கும் அது காரணமாயிற்று. 1962-63ஆம் ஆண்டுக் கடுங்குளிரில் கால்வாய்கள் வாரக்கணக்கில் உறைந்து கிடந்தபின் சரக்குப் படகுத் தொழில் பெரும்பாலும் மறைந்தது. சரக்கு போன இடத்தில் மனிதர் வந்தனர். லண்டன் போன்ற நகரங்களில் வாடகை ஏற ஏற, வீட்டுக்கு மாற்றாகப் படகை நாடுவோர் பெருகினார்கள்.

வீட்டைத் தாங்கும் நீர்

இன்றைய படகின் உடல் எஃகால் ஆனது. பொதுவாக அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத்தகடு 6 மில்லிமீட்டர் கனம் இருக்கும். நீரில் அமிழ்ந்த பகுதி 17 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், அரை மீட்டர் ஆழம் என்று கொள்வோம். விலக்கப்பட்ட நீர் 17 கன மீட்டர். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி படகின் எடை 17 டன். இதில் 70 கிலோ எடையுள்ள விருந்தாளி ஒருவர் ஏறினால் படகு இரண்டு மில்லிமீட்டர் அமிழும். விருந்தாளியின் வருகையை இவ்வளவு துல்லியமாக அளந்து காட்டும் வீடு நிலத்தில் கிடையாது. படகு ஒருபக்கம் சாயாமலிருக்கத் தரைப்பலகைக்கு அடியில் செங்கல்லோ கான்கிரீட் பாளமோ அடுக்கி, ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்துகிறார்கள்.

நீர்மேல் இருந்தும் குடிநீருக்கு அளவுண்டு. தொட்டி 500 லிட்டர் கொள்வதாக வைத்துக்கொள்வோம். பாதாளச் சாக்கடையுள்ள நம் நகரங்களில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது அரசாங்கத்தார் வகுத்த அளவு. அவ்வாறு செலவழித்தால் இருவர் குடும்பத்துக்கு அத்தொட்டி இரண்டு நாள்கூட வராது. ஆகவே படகுக்காரர்கள் நீரைக் காசுபோல் எண்ணிச் செலவிடுகிறார்கள். தீர்ந்தால் நீர்க்குழாய் உள்ள துறைக்குப் படகையே ஓட்டிச் செல்ல வேண்டும். கழிவுத் தொட்டியையும் அதற்கென அமைந்த இடத்துக்குத் தாமே தூக்கிச் சென்று கொட்ட வேண்டும்.

மின்சாரமும் அப்படியே. 110 ஆம்பியர்-மணி பாட்டரிகள் நான்கு, 12 வோல்ட்டில் 5.28 யூனிட் சேமிக்கும். ஈயப் பாட்டரி கெடாமலிருக்கப் பாதிக்குமேல் இறக்கக் கூடாது. கைக்கு வருவது 2.6 யூனிட். ஒரு சாதாரண மின்னடுப்பை இரண்டு மணி நேரம்கூட எரிக்க முடியாது. கூரைமேல் சூரிய ஒளித் தகடுகள் உண்டு. ஆனால் டிசம்பரில் லண்டனில் பகற்பொழுது எட்டு மணி நேரமும் இல்லை. உள்ள வெயிலும் சாய்ந்த வெயில்.

ஆதலால் சமையலுக்கு வாயு அடுப்பு, குளிருக்கு விறகோ கரியோ எரியும் கணப்பு. இங்கே வேதியியல் ஒரு வேலை செய்கிறது. 44 கிராம் புரொப்பேன் எரிந்தால் 72 கிராம் நீர் உண்டாகிறது. அதாவது ஒரு கிலோ வாயு எரித்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேற்பட்ட நீர் ஆவியாகி அறைக்குள் கலக்கிறது. மூச்சிலிருந்தும் ஈரத்துணியிலிருந்தும் வரும் ஆவி வேறு. அத்தனையும் குளிர்ந்த சன்னலிலும் எஃகிலும் பட்டு நீராகி வழிகிறது. மெத்தைக்கடியில் பூஞ்சணம் பூக்கிறது. இதைத் தடுக்கச் சன்னலைத் திறந்தால் வெப்பம் போய்விடும். குளிருக்கஞ்சிக் காற்றுத் துளைகளை அடைப்பதோ உயிருக்கே ஆபத்து. காற்றுப் போதாமல் எரியும் நெருப்பு கார்பன் மோனாக்சைடை உண்டாக்கும். நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான நாட்டத்துடன் இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு சேர்ந்துகொள்கிறது. இதனால் உறக்கத்திலேயே உயிரிழந்தோர் உண்டு. 2019 ஏப்ரல் முதல், தங்கும் அறையுள்ள படகுகளில் இதற்கான எச்சரிக்கைக் கருவி இருந்தாக வேண்டும் என்பது விதி.

இவையன்றி, இரண்டு மூன்றாண்டுக்கு ஒருமுறை படகைக் கரையேற்றிக் கீல் பூச வேண்டும். எஃகுக்கு முன் தான் அரிபட்டு அதைக் காக்கும் மக்னீசியத் துண்டுகளையும் மாற்ற வேண்டும். கேளா ஒலியலைகளைக் கொண்டு தகட்டின் கனத்தை அளந்து பார்ப்பதும் உண்டு. நிலத்து வீடு நாளடைவில் விலை ஏறும். எஃகுப் படகோ நாளடைவில் தேயும்.

பதினான்கு நாள் குடியுரிமை

வாடகைக்காரரிடமிருந்து தப்பியவர்கள் சட்டத்திடமிருந்து தப்பவில்லை. நிலையான கட்டுத்துறைக்குப் பணம் கட்டுவோர் அங்கேயே தங்கலாம். ஆனால் அதற்கும் ஒரு வாடகை உண்டு, லண்டனில் இடமோ அரிது. துறையில்லாதவர்களை 1995ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நீர்வழிச் சட்டம் ஆள்கிறது. அவர்கள் மெய்யாகவே பயணம் செய்துகொண்டிருக்க வேண்டும். சூழ்நிலைக்கேற்ற நியாயமான காரணமின்றி ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்குமேல் தங்கக் கூடாது. எத்தனை மைல் நகர வேண்டும் என்று சட்டம் கூறவில்லை. 2012 முதல் கால்வாய்களை நிர்வகித்து வரும் அறக்கட்டளைக்கும் படகுக்காரர்களுக்கும் இடையே ஓயாத வழக்கு இதில்தான். தனியாள் எங்கும் நகரலாம். பள்ளிக்குப் போகும் பிள்ளையை வைத்திருப்பவள் என்ன செய்வாள்? படகு போகும் திசையில் பள்ளிக்கூடமும் வருமா? 2024 ஏப்ரல் முதல் இவ்வாறு சுற்றித் திரியும் படகுகளின் உரிமக் கட்டணமும் மற்றவற்றைவிடக் கூடுதலாக்கப்பட்டது.

நமக்குப் பதினொரு மாதம். அவர்களுக்குப் பதினான்கு நாள். இதுதான் நிலத்தைத் துறந்ததன் பயனா என்று கேட்கத் தோன்றும். ஆயினும் விரும்பிச் சென்றவர்களில் பலர் அவ்வாழ்க்கையை விட மனமில்லாதிருக்கிறார்கள். நீர்க்கோழியின் குரலில் விழித்தெழுவதும், அண்டைப் படகுக்காரர் கேளாமலே வந்து கயிறு பிடித்துக் கட்டுவதும், மணிக்கு நான்கு மைலுக்குமேல் போகக் கூடாத பாதையில் அவசரமின்றிச் செல்வதும் அவர்களுக்குப் பெரும்பேறு. அதை நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை.

நான் அறிந்துகொண்டது இது. வீட்டிலிருந்து நிலத்தைக் கழித்துப் பார்க்கும் ஒரு சோதனையே இப்படகு. நிலம் போனதும் அதன் விலை போகிறது, வாடகையும் குறைகிறது. ஆனால் குழாய், சாக்கடை, மின்கம்பி, தபால் வந்து சேரும் விலாசம், நாளையும் இங்கேயே இருக்கலாம் என்ற உறுதி ஆகியவையும் கூடவே போய்விடுகின்றன. நிலம் என்று நாம் விலை கொடுத்தது வெறும் மண்ணுக்கன்று, இவற்றுக்குத்தான். கரைக்குத் திரும்பும் வசதியும் உடல்வலுவும் உடையவர்க்கு இவ்விழப்பு சுதந்திரமாகத் தோன்றலாம். வாடகை கொடுக்க இயலாமல் படகேறியவர்க்கோ, அது நூற்றைம்பது ஆண்டுக்கு முன் கூலி குறைந்த படகோட்டி கண்ட அதே சிற்றறைதான். ஆகவே வீட்டுத் தொல்லைக்கு மருந்து நீரில் இல்லை. நியாயமான வாடகையும், அஞ்சாமல் குடியிருக்கும் உறுதியும் கரையில் கிடைக்க வேண்டும்.

அதற்கான சட்டம் செய்வது மாணவர் கையில் இல்லை. நம் கையில் உள்ளது ஒன்று உண்டு. இச்சங்கத்தில் ஒரு குறிப்பேடு வைப்போம். படிப்பு முடிந்து அறையைக் காலி செய்யும் ஒவ்வொருவரும் அதன் விலாசம், வாடகை, வீட்டுக்காரரின் நிபந்தனை ஆகியவற்றை அதில் எழுதிவிட்டுச் செல்லலாம். அடுத்த ஜூலையில் பெட்டியுடன் புகைவண்டி நிலையத்தில் வந்திறங்கும் நம்மூர்த் தம்பி தங்கைகளுக்கு அது பயன்படும். வரும் மே மாதத்தில் நான் விடப்போகும் அறையை முதற் பக்கத்தில் எழுத ஆயத்தமாயிருக்கிறேன்.