கடல்நீர் மீன்தொட்டியில் தொற்றிவரும் உயிரினங்கள்

கடல்நீர் மீன்தொட்டியில் தொற்றிவரும் உயிரினங்கள் என்பவை, வளர்ப்பவர் வாங்காமலும் அறியாமலும், பாறை, மணல், பவள உயிரி, பாசி, நீர் ஆகியவற்றுடன் ஒட்டிக்கொண்டு தொட்டிக்குள் வந்து சேரும் சிறு உயிரினங்கள் ஆகும். புழுக்கள், நத்தைகள், நண்டுகள், கடற்சாமந்திகள், நட்சத்திரமீன்கள், வெறுங்கண்ணுக்குப் புள்ளியாக மட்டுமே தெரியும் ஓட்டுடலிகள் எனப் பல தொகுதிகளைச் சேர்ந்தவை இவற்றுள் அடங்கும். பெரும்பாலானவை தீங்கற்றவை. பல, மீந்த உணவையும் கழிவையும் உண்டு தொட்டியைத் தூய்மையாக வைப்பவை. சிலவே மீன்களுக்கோ பவள உயிரிகளுக்கோ, அரிதாக மனிதருக்கோ கேடு செய்வன. ஆகவே எதிர்பாராத ஓர் உயிரினத்தைக் கண்டால், அதைக் கொல்லும் முன்னர் அது எத்தொகுதியைச் சேர்ந்தது என்று அறிந்துகொள்வது முதற்பணியாகும்.

வரும் வழிகள்

வீட்டுத் தொட்டி ஒரு மூடிய அமைப்பு. திருப்பெரும்புதூர் அருகிலுள்ள தண்டலம், ஒரகடம் போன்ற, கடலிலிருந்து விலகிய தொழிற்பகுதிகளின் குடியிருப்புகளில் கடல்நீர்த் தொட்டி வைப்பவர், ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரில் செயற்கைக் கடலுப்பைக் கரைத்தே நீரை ஆயத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. அந்நீரில் கடல் உயிர் எதுவும் இராது. எனவே அங்கு ஒரு புழுவோ நண்டோ தென்பட்டால், அது கடையிலிருந்து வந்த ஏதோ ஒரு பொருளுடன்தான் வந்திருக்க வேண்டும். எந்த நாளில் எது தொட்டிக்குள் சென்றது என்று குறித்து வைத்திருப்பவருக்கு அடையாளம் காணும் வேலை பாதி முடிந்துவிடும். ஆனால் உயிரினம் கண்ணில் படுவது, வந்து பல மாதங்கள் கழித்தும் இருக்கலாம். முட்டையாகவோ, பாறைப் பொந்துக்குள் பதுங்கியோ வந்தவை வளர்ந்த பின்னரே வெளிப்படுகின்றன.

கோவளம், முட்டுக்காடு போன்ற கடலோரங்களில் இருந்து கடல்நீரை முகந்து வருவோருக்கு இந்தத் தருக்கம் பொருந்தாது. அந்நீரிலேயே கொட்டலசு, சிப்பி, சொறிமீன் முதலியவற்றின் நுண்ணிய இளவுயிரிகள் மிதக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னைக் கடற்கரை நீரின் உப்புச்செறிவு குறைந்துவிடுவதால் அந்நீரை அளந்து பார்க்காமல் பயன்படுத்துவதும் சரியன்று. தொட்டிக்கு உகந்த அளவு ஆயிரத்திற்கு ஏறக்குறைய 35 பங்கு ஆகும்.

உயிர்ப்பாறையும் சட்டமும்

உலகெங்கும் இவ்வுயிரினங்களை மிகுதியாகக் கொண்டுவருவது உயிர்ப்பாறை ஆகும். இறந்த பவளங்களின் சுண்ணாம்புக் கூட்டின் மீதும் துளைகளிலும் நுண்ணுயிரிகளும் சிறு விலங்குகளும் குடியேறிய கல்லே இவ்வாறு அழைக்கப்படுகிறது. நீரில் சேரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிரிகள் இதில் வாழ்வதால், இது இயற்கை வடிப்பானாகப் பயன்படுகிறது.

இந்தியாவில் இதை எளிதாக எண்ணிவிட முடியாது. 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001 ஆம் ஆண்டில், பாறை உருவாக்கும் பவளங்கள் அனைத்தும், கரும்பவளம், நெருப்புப் பவளம், கடல்விசிறிகள் ஆகியவையும் சேர்க்கப்பட்டன. கடற்குதிரைகளும் கடலட்டைகளும் அதே ஆண்டில் பாதுகாப்புப் பெற்றன. இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள், சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கற்களுக்காகவும் நெடுங்காலம் வெட்டியெடுக்கப்பட்டவை. அப்பகுதி 1986 இல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து ஒரு கல்லை எடுத்து வருவது குற்றமாகும். பன்னாட்டு வணிகத்திலும் கற்பவளங்கள் அருகிய இனங்களின் வணிகத்திற்கான உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளன. ஆகவே ஆவணமின்றி 'இறக்குமதிக் கல்' என்று விற்கப்படுவதை வாங்காதிருப்பதே நேர்மையான வழி. சுட்ட களிமண்ணால் செய்த செயற்கைக் கற்களில் நுண்ணுயிரிகளைச் சில வாரங்களில் குடியேற்றிவிடலாம். அவற்றில் தொற்றிவரும் விலங்குகளும் இல்லை.

அடையாளம் காணும் முறை

பெரும்பாலான இவ்வுயிரினங்கள் இரவில் நடமாடுபவை. விளக்கை அணைத்து ஓரிரு மணி நேரம் கழித்து, சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய கைவிளக்கால் பார்ப்பது வழக்கம். முதுகெலும்பற்றவை பலவற்றுக்குச் சிவப்பொளி நன்கு புலப்படாது. பிடிக்க முடிந்தால், தொட்டி நீர் ஊற்றிய வெண்ணிறக் கிண்ணத்தில் விட்டு உருப்பெருக்கி வில்லையால் நோக்கலாம். நிறத்தை நம்ப வேண்டாம். ஒரே இனம் பல நிறங்களில் இருக்கும், உண்ணும் உணவுக்கேற்ப மாறவும் செய்யும். பார்க்க வேண்டியது உடலமைப்பையே.

பள்ளி விலங்கியல் பாடத்தில் படித்த தொகுதிகள் இங்கு நேரடியாகப் பயன்படுகின்றன என்பது இத்துறையின் இனிய வியப்பு. உடல் ஆரச்சமச்சீருடன், வாயைச் சுற்றி உணர்நீட்சிகளோடு இருந்தால் அது குழியுடலி. வளையம் வளையமாக இருந்து, பக்கத்திற்கு ஒரு மயிர்க்கொத்து ஒவ்வொரு வளையத்திலும் இருந்தால் வளைத்தசைப்புழு. மூட்டுள்ள கால்கள் இருந்தால் கணுக்காலி. தசைப்பாதத்தால் வழுக்கிச் சென்றால் மெல்லுடலி. ஐந்து கைகளும் அடியில் குழற்கால்களும் இருந்தால் முட்தோலி. இனத்தின் பெயர் வரை செல்வது வல்லுநர்க்கும் கடினம். வீட்டுத் தொட்டிக்குத் தொகுதியும் குடும்பமும் தெரிந்தால் போதும்.

கணுக்காலிகளுக்குள் மற்றொரு எளிய வேறுபாடு உண்டு. பக்கவாட்டில் தட்டையாக, வளைந்து துள்ளிச் செல்பவை ஆம்பிபாடுகள். மேலும் கீழுமாகத் தட்டையானவை ஐசோபாடுகள். ஆம்பிபாடுகள் பெரும்பாலும் கழிவுண்ணிகள். ஐசோபாடுகளில், தொட்டவுடன் பந்துபோல் சுருளும் குடும்பம் தீங்கற்றது. பெரிய கண்களுடன் வேகமாக நீந்தி மீனின் உடலில் பற்றிக்கொள்ளும் சிரோலானிடு குடும்பத்தவை குருதி குடிப்பவை. இவை இருக்குமிடத்தில் மீன்களைப் பல வாரங்கள் வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டியிருக்கும்.

கண்ணாடியில் 1 முதல் 2 மில்லிமீட்டர் அளவில் வெண்புள்ளிகளாகத் தெறித்து ஓடுபவை கோப்பிபாடுகள். புதிதாகத் தொட்டி அமைத்தவரைப் பெரிதும் அச்சுறுத்துபவை இவையே. ஆனால் கடலின் உணவுச்சங்கிலியில் இவை அடிப்படையானவை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் போன்ற அமைப்புகள் மீன்குஞ்சுகளுக்குத் தீவனமாக இவற்றைப் பாடுபட்டு வளர்க்கின்றன. தொட்டியில் இவை தாமாகவே பெருகுவது நல்ல அறிகுறி.

முள்மயிர்ப் புழுக்கள்

தவறாகக் கொல்லப்படும் உயிரினங்களில் முதலிடம் இவற்றுக்கே. இளஞ்சிவப்பு அல்லது பழுப்பு நிறத்தில், இருபுறமும் வெண்ணிற மயிர்க்கொத்துகளுடன் விரல் நீளம் வளரும். இறந்த மீனை இவை மொய்த்துக்கொண்டிருப்பதைக் காலையில் காண்பவர், புழுக்களே மீனைக் கொன்றன என்று முடிவு செய்துவிடுகிறார். உண்மையில் பெரும்பாலானவை பிணந்தின்னிகள் மட்டுமே. அவை இல்லாவிடில் அழுகும் உடல் நீரைக் கெடுத்திருக்கும். இவற்றின் எண்ணிக்கை மிகுவது, உணவு மிகையாக இடப்படுவதைக் காட்டுகிறது. உணவைக் குறைத்தால் புழுவும் குறையும்.

ஆயினும் வெறுங்கையால் தொடலாகாது. ஆம்பினோமிடு குடும்பத்தைச் சேர்ந்த நெருப்புப் புழுக்களின் மயிர்கள் சுண்ணாம்பால் ஆனவை, எளிதில் ஒடிபவை. தோலில் தைத்தால் கடும் எரிச்சலும் வீக்கமும் உண்டாகும். ஒட்டுநாடாவைத் தோலில் ஒட்டி உரித்து மயிர்களை அகற்றுவது வழக்கமான முதலுதவி.

இவற்றிலிருந்து பிரித்தறிய வேண்டியது யூனிசிடு குடும்பம். மேனி வானவில்போல் மின்னும். தலையில் ஐந்து உணர்கொம்புகளும் வலிய தாடைகளும் உண்டு. சிறியவை பெருந்தீங்கு செய்வதில்லை. ஆனால் இக்குடும்பத்தின் யூனிசி அஃப்ரோடிடோயிசு என்னும் இனம் மீன்களையே பற்றி இழுக்கவல்லது. இங்கிலாந்தின் நியூகீ நகரிலுள்ள புளூ ரீஃப் மீன்காட்சியகத்தில் பவளங்கள் தொடர்ந்து சேதமுற்றதன் காரணம் விளங்காதிருந்தது. 2009 இல் பாறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தபோது ஏறத்தாழ நான்கடி நீளமுள்ள இத்தகைய புழு ஒன்று வெளிப்பட்டது. அதே ஆண்டில் சப்பானின் சிரகாமா பகுதித் துறைமுகம் ஒன்றில், மிதவையொன்றின் உள்ளிருந்து 299 செ.மீ. நீளமும் 673 வளையங்களும் கொண்ட புழு கிடைத்தது. சிறு இளவுயிரியாக நுழைந்து, ஒருவரும் காணாமல் அவ்வளவு வளர்ந்திருக்கிறது.

ஐப்டேசியா

கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் பழுப்பு நிறத்தண்டும் நீண்ட உணர்நீட்சிகளும் கொண்ட சிறு கடற்சாமந்தி இது. அழகாக இருப்பதால் முதலில் மகிழ்ச்சியே தோன்றும். பின்னர் அருகிலுள்ள பவளங்களைக் கொட்டிக் கொட்டி இடம் பிடிக்கும். குழாய்ப்புழுக்களுடன் இதைக் குழப்பிக்கொள்வதுண்டு. விசிறிபோல் விரிந்து, நிழல் பட்டவுடன் கெட்டியான குழாய்க்குள் மறைபவை குழாய்ப்புழுக்கள். அவற்றுக்கு எந்தத் தீங்கும் செய்ய வேண்டியதில்லை.

ஐப்டேசியாவைச் சுரண்டியெடுக்க முயல்வதுதான் மிகத் தவறான வழி. அடித்தட்டின் துணுக்கு ஒன்று எஞ்சினாலும் அதிலிருந்து முழு உயிரி வளரும். ஆகவே ஒன்றை அழிக்கப்போய்ப் பத்தை உண்டாக்கியவர் பலர். கெட்டியான சுண்ணாம்புக் குழம்பை ஊசியின்றி மருந்தேற்றுக் குழலால் வாயின் மீது இடுவது, இதை உண்ணும் லிசுமாட்டா பேரின இறால்களை விடுவது, ஐப்டேசியாவை மட்டுமே உண்டு வாழும் பெர்கியா என்னும் ஓடற்ற கடல்நத்தையை விடுவது ஆகியன கையாளப்படும் முறைகள். உணவு தீர்ந்தபின் பெர்கியா பட்டினியால் இறந்துவிடும் என்பதையும் கருத வேண்டும்.

மனிதருக்குக் கேடு செய்பவை

பாலித்தோவா பேரினக் குழியுடலிகள், பொத்தான்களைப் பரப்பியதுபோல் பாறையில் படர்பவை. இவற்றுள் சிலவற்றில் உள்ள பாலிடாக்சின், இயற்கை நச்சுகளில் மிகக் கொடியனவற்றுள் ஒன்று. 1971 இல் அவாய்ப் பல்கலைக்கழகத்தின் மூர், சூயர் ஆகியோர் அதைப் பிரித்தெடுத்து அறிவித்தனர். அமெரிக்காவின் அலாசுக்காவில் 2012 முதல் 2014 வரை, மீன்தொட்டிக் கடைகளிலும் வீடுகளிலும் இதன் ஆவியையோ துகளையோ உள்ளிழுத்து நோயுற்றதாகக் கருதப்பட்ட நிகழ்வுகள் பதிவாயின. வாயில் உலோகச் சுவை, காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் ஆகியன அறிகுறிகள். எனவே தொற்றிவந்தவற்றைக் கொல்வதற்காகப் பாறையைக் கொதிக்க வைப்பதோ, வெந்நீர் ஊற்றித் தேய்ப்பதோ கூடவே கூடாது. சிலர் இதைச் சமையலறையிலேயே செய்கின்றனர்.

கூம்பு வடிவ ஓடுள்ள உயிருள்ள நத்தையையும் கையில் எடுக்கலாகாது. கோனசு பேரினத்தின் நச்சு ஈட்டி மனிதரைக் கொல்லவும் கூடும். இரவில் 'டக்' என்று தெறிக்கும் ஒலி கேட்டால் அது சுடும் இறாலாகவோ, கும்பிடுபூச்சி இறாலாகவோ இருக்கலாம். முன்னது பெரும்பாலும் தீங்கற்றது. பின்னது நத்தை ஓட்டை உடைக்கும், விரலையும் பிளக்கும்.

அகற்றியவற்றை என்செய்வது

கேடு செய்யும் ஒன்றைப் பிடித்தவர், கொல்ல மனமின்றிக் கடலில் விட்டுவிட எண்ணுவது இயல்பு. இரக்கத்தால் செய்யப்படும் இச்செயலே பெருங்கேடாக முடியலாம். காலெர்ப்பா டாக்சிஃபோலியா என்னும் தொட்டிப்பாசி 1984 இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் கீழுள்ள கடலில் சிறு திட்டாகக் காணப்பட்டது. பின்னர் அது நடுநிலக்கடலில் ஆயிரக்கணக்கான எக்டேர் பரவியது. கலிபோர்னியாவில் 2000 ஆம் ஆண்டில் அதே பாசி கண்டறியப்பட்டபோது, தார்ப்பாயால் மூடிக் குளோரின் செலுத்தி ஆறு ஆண்டுகள் போராடி அழித்தனர்.

அயல் உயிரினத்தின் விளைவைக் காணச் சென்னையிலிருந்து நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. எண்ணூர்க் கழிமுகத்திலும் பழவேற்காட்டிலும் மீனவர்கள் 'காக்கா ஆழி' என்றழைக்கும் தென்னமெரிக்கச் சிப்பி அடித்தரையை மூடி, இறால் பிடிப்போரின் பிழைப்பைக் குலைத்திருக்கிறது. அது வந்தது மீன்தொட்டி வழியாக அன்று, கப்பல்கள் வழியாக என்று கருதப்படுகிறது. ஆனால் ஒட்டிக்கொண்டு வந்து பெருகும் முறை ஒன்றே.

தேவையற்ற உயிரினத்தை நீருடன் சிறு பையிலிட்டு உறைபெட்டியில் ஒரு நாள் வைத்து, பின்னர் குப்பையுடன் அகற்றலாம். பாலித்தோவாவாக இருந்தால் உணவு வைக்கும் உறைபெட்டியைப் பயன்படுத்தாமல், கையுறையும் கண்ணாடியும் அணிந்து, நீர்த்த வெளுப்புக் கரைசலில் ஊறவைத்த பின் அகற்ற வேண்டும். தொட்டியிலிருந்து மாற்றும் பழைய நீரை, குறிப்பாகக் கடலோரத்தில் வாழ்வோர், மழைநீர் வடிகாலிலோ கால்வாயிலோ ஊற்றாமல் வீட்டுக் கழிவுநீர்க் குழாயில் விடுவது முறையாகும்.