நூறு கெஜத்து மானுக்கு எத்தனை டாலர் கண்ணாடி?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் மான் வேட்டை தொடங்கும் நாளை ஒட்டிப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடுவது நெடுநாள் வழக்கம். நன்றியறிதல் திருநாளுக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்கிவந்த துப்பாக்கி வேட்டைப் பருவம், 2019 முதல் சனிக்கிழமைக்கு மாறிவிட்டது. கிழமை மாறினாலும், அதற்குச் சில வாரங்கள் முன்பே துப்பாக்கிக் கடைகளில் சேரும் கூட்டம் மாறவில்லை. அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன பழைய ரைஃபிளை உறையோடு கொண்டுவந்து வைத்து, இதற்கு ஒரு ஸ்கோப் வேண்டும் என்று கேட்பவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர். அலமாரியில் 50 டாலர் ஸ்கோப்பும் இருக்கும், 3,000 டாலர் ஸ்கோப்பும் இருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான்: கறுப்புக் குழாய், இரு முனையிலும் கண்ணாடி.

எதை வாங்குவது என்பதைக் கவுண்டரில் கிடக்கும் துப்பாக்கியே பாதி சொல்லிவிடும்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தக் கேள்விக்கே இடமில்லாமல் போனது. அதற்கு முந்தைய தலைமுறையின் வேட்டைக் கதைகளைப் படித்தவர்களுக்குப் பழைய ரைஃபிள்கள் அந்நியமானவை அல்ல. தர்மபுரி, சேலம் பக்கத்துக் காடுகளில் அலைந்த கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல். தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போனவற்றில் ஒன்றும் அதே ரகம். ஜிம் கார்பெட்டிடம் இருந்தது .275 ரிக்பி. இவர்கள் புலியைச் சில பத்துக் கெஜ தூரத்தில் சந்தித்தார்கள். குழலின் மேலிருந்த இரும்புக் குறியே அதற்குப் போதுமானதாக இருந்தது.

அமெரிக்க மான் வேட்டைக்காரருக்கு அது போதாமல் போவதற்கு முதற்காரணம் தூரம் அல்ல, வெளிச்சம். பெரும்பாலான மாநிலங்களில் சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து மறைவுக்கு அரை மணி பின்பு வரைதான் சுட அனுமதி. மான் நடமாடுவதும் பெரும்பாலும் அந்த இரண்டு மங்கல் பொழுதுகளில்தான். ஐம்பது வயதைத் தாண்டிய கண்ணுக்கு அந்நேரத்தில் பின்குறி, முன்குறி, மான் மூன்றும் சேர்ந்து தெளிவாகத் தெரியாது. ஸ்கோப்பில் சிலுவைக்கோடும் மானும் ஒரே தளத்தில் தெரிகின்றன. உருப்பெருக்கம் ஒன்றுமே இல்லாவிட்டாலும் இந்த ஒரு வசதிக்காகவே அதை வாங்கலாம்.

ஆனால் கடைக்கு வருபவர் கேட்பது உருப்பெருக்கத்தைத்தான். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சடித்திருப்பதும் அதுதான். 6-24 என்று போட்டிருந்தால் 24 மடங்கு. விலையும் 120 டாலர்தான். 3-9 போட்ட 250 டாலர் ஸ்கோப்பை எதற்கு வாங்க வேண்டும்? இங்கேதான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

வின்செஸ்டர் 94-ஐ எடுத்துக்கொள்வோம். ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1894-இல் வந்தது. 70 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. விசைக்குக் கீழே உள்ள ‘லீவர்’ வளையத்தைக் கீழிழுத்து மேலே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறிவிடும். அதன் .30-30 தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைக் குண்டாக இருந்தால், உதைப்பின் அதிர்ச்சியில் முன்னால் இருக்கும் தோட்டாவின் பின்புறத்தைக் குத்தி வெடிக்கச் செய்துவிடலாம். அதனால் மழுங்கிய முனைதான் வழக்கம். மழுங்கிய குண்டைக் காற்று சீக்கிரம் மடக்கிவிடும்: 100 கெஜத்தில் குறிக்கு நேராகப் படும்படி திருத்திவைத்த ரைஃபிள், 200 கெஜத்தில் 7-8 அங்குலம் கீழே சுடும். ஆக இந்தத் துப்பாக்கியின் உலகம் 150 கெஜம், மிஞ்சினால் 200. அதற்கு 24 மடங்கு எதற்கு?

கேடும் உண்டு. 4 மடங்கு ஸ்கோப்பில் 100 கெஜ தூரத்தில் ஏறத்தாழ 30 அடி அகலக் காடு தெரியும். 9 மடங்கில் அது 14 அடியாகச் சுருங்கிவிடும். புதருக்குள்ளிருந்து பாய்ந்தோடும் மானை அந்தச் சின்ன வட்டத்துக்குள் தேடிப் பிடிப்பதற்குள் அது அடுத்த பள்ளத்தாக்குக்குப் போயிருக்கும். அடர்ந்த காட்டில் சுடும் லீவர் ரைஃபிளுக்கு 2½ அல்லது 4 மடங்கு நிலையான ஸ்கோப், இல்லையென்றால் 1½-5 அல்லது 2-7 ரகம் தாராளம். திறந்த வெளியில் .30-06 போன்ற தோட்டாவைச் சுடும், பக்கவாட்டுக் கைப்பிடியைத் தூக்கி இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ரைஃபிளுக்கு 3-9 போதும். 100 கெஜத்தில் 2 அங்குலம் உயரச் சுடும்படி வைத்தால் 200 கெஜத்தில் அது நேராகும், 300-இல் எட்டு அங்குலம்போலத் தாழும். சாதாரண வேட்டைக்காரர் அதற்கு மேல் சுடாமலிருப்பதே மானுக்கும் நல்லது.

வெளிச்சக் கணக்கு எளிது. முன்லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 4×32 ஸ்கோப்பில் அது 8 மில்லிமீட்டர். இளவயதில் இருட்டில் கண்ணின் பாவை 7 மில்லிமீட்டர் வரை விரியும், வயதாக ஆக 5-க்குக் குறையும். ஆக அந்தச் சின்ன ஸ்கோப்பே கண் வாங்கக்கூடியதைவிட அதிகமாகக் கொடுக்கிறது. 24 மடங்கில் வைத்த 50 மில்லிமீட்டர் லென்ஸ் தருவது 2 மில்லிமீட்டர்தான். அந்தி நேரத்தில் அது சேற்றுத் தண்ணீர்.

லென்ஸின் அளவை விடப் பூச்சு முக்கியம். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பியடிக்கும். ஒரு ஸ்கோப்புக்குள் பத்துப் பரப்புகளுக்குக் குறையாது. கூட்டிப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி வீணாகிறது. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935-இல் கண்டுபிடித்த மெல்லிய பூச்சு இந்த இழப்பைத் தடுத்தது. இன்று பெட்டியில் ‘கோட்டட்’ என்று மட்டும் இருந்தால் ஏதோ ஒரு பரப்பில் ஒரு பூச்சு என்று பொருள் கொள்ளலாம். ‘ஃபுல்லி மல்டி-கோட்டட்’ என்றால் காற்றைத் தொடும் எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்கு. 200 டாலரில் இது கிடைக்கிறது, எனவே குறைந்ததற்கு ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பழைய ரைஃபிள்களுக்கென்றே சில வம்புகள் உண்டு. வின்செஸ்டர் 94, சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூட்டை நேராக மேலே துப்பும். நடுவில் ஸ்கோப்பை மாட்டினால் கூடு அதில் மோதித் திரும்பி உள்ளேயே விழும். 1980-களின் தொடக்கத்தில்தான் கூட்டைப் பக்கவாட்டில் சாய்த்து எறியும்படி அதை மாற்றினார்கள். அதற்கு முந்தைய துப்பாக்கி வைத்திருப்பவர் ஸ்கோப்பை இடப்பக்கம் தள்ளி மாட்ட வேண்டும், அல்லது குழலின் மேல் முன்தள்ளி, கண்ணிலிருந்து தொலைவில் வைத்துப் பார்க்கும் ரகத்தை வாங்க வேண்டும். பழம்பொருள் மதிப்புள்ள துப்பாக்கியில் புதிதாகத் துளை போடுவது விற்பனை விலையைக் குலைக்கும். அதற்கு இரும்புக் குறியே போதும் என்று விட்டுவிடுவது புத்திசாலித்தனம். 1948-இல் வந்த மார்லின் 336-க்கு இந்தத் தொல்லை இல்லை. அது கூட்டைப் பக்கத்தில் எறியும், மேற்பகுதி மூடியது. ஆனால் ஸ்கோப் வந்து உட்கார்ந்ததும் ஹாமரைப் பின்னிழுக்கக் கட்டைவிரல் நுழையாது. பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன ஹாமர் நீட்டி ஒன்றைத் திருகிக்கொள்ள வேண்டும்.

ராணுவ மவுசர் 98-ஐ வேட்டைக்கு மாற்றியவர்களுக்கு வேறு வம்பு. அதன் நேரான போல்ட் கைப்பிடியைத் தூக்கினால் ஸ்கோப்பில் இடிக்கும். மேலெழும் பாதுகாப்புச் சாவியும் இடிக்கும். கைப்பிடியை வளைக்கவும் சாவியை மாற்றவும் துப்பாக்கிப் பட்டறைக்குக் கொடுக்கும் கூலி சில நேரம் ஸ்கோப் விலையையே எட்டிவிடும்.

தோளில் வைக்கும் துப்பாக்கிக் கட்டையின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். இரும்புக் குறிக்காகச் செதுக்கிய பழைய கட்டைகளில் கன்னம் பதியும் இடம் தாழ்ந்திருக்கும். அதன் மேல் 50 மில்லிமீட்டர் லென்ஸை உயரமான வளையங்களில் தூக்கிவைத்தால், கன்னத்தை எடுத்துவிட்டுக் கோழி எட்டிப்பார்ப்பதுபோலக் கழுத்தை நீட்ட வேண்டிவரும். 20, 32, 33 மில்லிமீட்டர் லென்ஸ்கள் குழலை ஒட்டித் தாழ்வாக உட்காரும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே மூன்றரை அங்குலத்துக்குக் குறையாத தூரமும் தேவை. அதற்குக் கீழே போனால் உதைப்பில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் பிறை வடிவ வெட்டுப் போட்டுவிடும். கடையில் யாரும் இதைச் சோதிப்பதில்லை. புருவத்தில் தழும்போடு திரிபவர்கள் வேட்டை முகாம்களில் நிறைய.

மலிவான நல்ல ஸ்கோப் என்பது புதிய கனவல்ல. பில் வீவர் 1930-இல் கென்டக்கியில் 330 என்ற மாடலைக் கொண்டுவந்தார். மூன்று மடங்கு பெருக்கும் அந்த ஒல்லிக் குழாயின் விலை, மாட்டும் சட்டத்தோடு 19 டாலர். ஐரோப்பிய ஸ்கோப்புகள் பணக்காரர் சொத்தாக இருந்த காலத்தில் அதைச் சாதாரணத் தொழிலாளியும் வாங்க முடிந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் எம்1903ஏ4 குறிசுடும் ரைஃபிள்களில் ஏறியதும் அந்த வீவர்தான். சில பழைய ஸ்கோப்புகளுக்குள் சிலுவைக்கோடாக இழுத்துக் கட்டியிருந்தது சிலந்தி இழை. கறுப்பு விதவைச் சிலந்தியின் இழைக்கு அதில் தனி மதிப்பு.

அந்தக் காலத்து ஸ்கோப்புகளின் சாபம் ஈரம். ஓரிகன் மாநிலத்தில் நில அளவைக் கருவிகள் செய்துவந்த குடும்பத்தைச் சேர்ந்த மார்கஸ் லியுபோல்ட், ஸ்கோப்புக்குள் பனி படிந்ததால் ஒரு மானைத் தவறவிட்டாராம். இதைவிட நல்லதை நானே செய்வேன் என்று சபதம் போட்டாராம். நிறுவனம் இன்றும் விருப்பத்தோடு சொல்லும் கதை இது. 1947-இல் அவர்களுடைய முதல் ஸ்கோப் பிளெயின்ஸ்மேன் வந்தது. குழாயிலிருந்து காற்றை வெளியேற்றி நைட்ரஜனை அடைத்து மூடும் முறையும் பின்னர் பரவியது. இன்று 100 டாலர் ஸ்கோப்பும் நைட்ரஜன் நிரப்பியது என்றே விளம்பரம் செய்கிறது. அடைப்பு எத்தனை வருடம் தாங்கும் என்பதில்தான் தரம் தெரியும்.

பணத்துக்கு வருவோம். 100 டாலருக்குக் கீழே பெரும்பாலும் சூதாட்டம். 150-லிருந்து 350 வரையிலான இடைவெளியில்தான் மான் வேட்டைக்காரருக்குத் தேவையான எல்லாமே இருக்கின்றன: லியுபோல்டின் விஎக்ஸ்-ஃப்ரீடம், பர்ரிஸின் ஃபுல்ஃபீல்ட், வோர்டெக்ஸின் கிராஸ்ஃபயர் போன்றவை அண்மை ஆண்டுகளில் இந்த வட்டத்தில் அதிகம் அடிபட்ட பெயர்கள். 1,000 டாலருக்கு மேல் கிடைப்பது மங்கலில் கடைசிப் பத்து நிமிடமும் விளிம்பு வரை கூர்மையும்தான். அது வேண்டியவர்களுக்கு வேண்டும். 100 கெஜத்து மானுக்கு வேண்டாம்.

பழைய ஸ்கோப் வாங்குவதும் தவறில்லை. லியுபோல்டும் வோர்டெக்ஸும் வாழ்நாள் உத்தரவாதத்தை முதல் உரிமையாளரோடு நிறுத்திக்கொள்வதில்லை. கைமாறி வந்ததையும் பழுதுபார்க்கின்றன. ஆனால் இணையத்தில் பாதி விலைக்கு வரும் புத்தம்புது லியுபோல்டைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும். போலிகள் சுற்றிவருவதாக நிறுவனமே எச்சரித்திருக்கிறது. வரிசை எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபார்ப்பது ஒரு தொலைபேசி அழைப்பு வேலை.

ஸ்கோப்பில் மிச்சம் பிடித்த காசில் கொஞ்சத்தை வளையங்களுக்கும் அடித்தட்டுக்கும் ஒதுக்க வேண்டும். ஸ்கோப் கெட்டுவிட்டது என்று திரும்பி வருபவற்றில் பலவற்றின் நோய் தளர்ந்த திருகுதான். துளைகளின் எண்ணெயைத் துடைத்துவிட்டு, அளவு காட்டும் முறுக்குச் சாவியால் இறுக்க வேண்டும். மீதிக் காசில் ஒரு பைனாகுலர். தொலைவில் அசைவது மானா மனிதனா என்று ஸ்கோப் வழியாகப் பார்ப்பவர், குண்டேற்றிய துப்பாக்கியை அந்த உருவத்தின் மீது நீட்டிக்கொண்டுதான் பார்க்கிறார். அதற்குப் பைனாகுலரைத்தான் எடுக்க வேண்டும்.

மாட்டியாயிற்றா? சுடுதளத்தில் ஒரு பெரிய காகிதத்தின் நடுவே ஒரே புள்ளியைக் குறிவைத்து மூன்று குண்டுகள். பிறகு ஸ்கோப்பின் குறிதிருத்தும் திருகுகளை 20 கிளிக் வலப்பக்கம் திருப்பி, அதே புள்ளியைக் குறிவைத்து மூன்று. 20 மேலே, மூன்று; 20 இடப்பக்கம், மூன்று; 20 கீழே, மூன்று. நல்ல ஸ்கோப்பில் துளைகள் ஒழுங்கான சதுரமாக விழும், கடைசி மூன்றும் முதல் மூன்றின் மேலேயே வந்து உட்காரும். கிளிக் ஒன்றுக்குக் கால் அங்குலம் என்று எழுதியிருந்தால், 100 கெஜத்தில் அந்தச் சதுரத்தின் பக்கம் ஏறத்தாழ 5 அங்குலம் இருக்க வேண்டும். கோணல்மாணலாக வந்தாலோ, கடைசி மூன்று வேறெங்கோ போனாலோ, முதலில் வளையங்களின் திருகுகளை இறுக்கிவிட்டு இன்னொரு முறை சுட்டுப் பார்க்கலாம். அப்போதும் கோணலென்றால் பெட்டியில் போட்டு, ரசீதோடு, பருவம் தொடங்குமுன் கடைக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.